வடகடலின் மீன்: எல்லை வழக்கும் அளவுகோலும்

பாக்குநீரிணையைப் பற்றிய செய்தி இல்லாத வாரம் நமது பத்திரிகைகளில் அரிதாகிவிட்டது. படகு பிடிபட்டது, மீனவர் மறியலில் வைக்கப்பட்டனர், வலை அறுந்தது, மகஜர் கையளிக்கப்பட்டது என்று ஒரே கதை முன்பின்னாக மாறி மாறி வருகின்றது. 2024ஆம் ஆண்டில் மட்டும் இலங்கைக் கடற்படையினர் 500க்கு மேற்பட்ட இந்திய மீனவரைக் கைதுசெய்தனர். அதே ஆண்டில் இந்தியத் தேர்தல் மேடைகளிலே கச்சதீவு மீண்டும் பேசப்பட்டது. 1974இலும் 1976இலும் எழுதப்பட்ட எல்லை உடன்படிக்கைகளை ஒரு சாரார் போற்றுகின்றனர். மற்றொரு சாரார் தூற்றுகின்றனர். வழக்கறிஞர் பேசுகின்றனர், அமைச்சர் பேசுகின்றனர், தூதுவர் பேசுகின்றனர். இவ்வளவு பேச்சுக்கும் நடுவிலே, வழக்குக்குக் காரணமான பொருளைப் பற்றி மட்டும் எவரும் பேசக் காணோம். இக்கடலில் மீன் எந்நிலையில் இருக்கின்றது? எவ்வளவு பிடிக்கலாம்? எவ்வளவு பிடிக்கப்படுகின்றது? காணிச் சண்டையிலே வேலியைப் பற்றி வாதாடுவோர் உள்ளே நிற்கும் பயிரை ஒருமுறையேனும் எட்டிப் பார்க்காதது போன்றது இது.

மீன் குறைந்துவிட்டதென்று நமது கடற்றொழிலாளர் சொல்கின்றனர். அவர் சொல்வதை நாம் ஐயுறவில்லை. ஆனால் குறைவு என்பது எதனிலிருந்து குறைவு? முதியவர் ஒருவர் தம் இளமையில் கண்ட மீன்பாட்டை நினைத்துப் பெருமூச்சு விடுகின்றார். அவருடைய பேரனோ தான் தொழிலுக்கு வந்த நாளிற் கண்டதையே இயல்பென்று கொள்கின்றான். இவ்வாறு தலைமுறைக்குத் தலைமுறை அளவுகோலே சுருங்கிக்கொண்டு போவதை மீனியல் அறிஞர் தானியல் போலி 1995இல் எடுத்துக்காட்டினார். இழப்பை உணர்த்த வேண்டிய நினைவே இழப்பை மறைத்துவிடுகின்றது. ஆதலால் நினைவு மட்டும் சாட்சியாகாது, எண்ணும் வேண்டும்.

எண் இல்லையா என்று கேட்கலாம். உண்டு. ஆண்டுதோறும் மாவட்டவாரியாக இத்தனை தொன் மீன் கரைசேர்ந்தது என்று அரசாங்கம் கணக்கு வெளியிடுகின்றது. அக்கணக்கு எதைச் சொல்கின்றது என்பதிலேதான் மயக்கம். 2009இல் யுத்தம் முடிந்தபின் வடக்கின் மீன் உற்பத்தி ஏறியது. இதைக் கண்டு, கடல் செழிப்பாகத்தான் இருக்கின்றது என்று சொன்னவர்களும் உண்டு. உண்மையில் ஏறியது மீனா, கடலுக்குப் போன வள்ளங்களா? தடை நீங்கிற்று, வள்ளங்கள் இறங்கின, இயந்திரங்கள் வந்தன, வலைகள் பெருகின. தொன் கணக்கும் ஏறிற்று. ஒரு வள்ளம் ஒரு நாளிற் கொண்டுவருவது ஏறிற்றா இறங்கிற்றா என்பதே கேட்கவேண்டிய கேள்வி.

இதற்குத் தாய்லாந்துக் குடாவின் கதையைக் காட்டிலும் தெளிவான பாடம் கிடையாது. 1960களின் தொடக்கத்தில் ஜேர்மானியரின் உதவியோடு அங்கே இழுவைமடி புகுத்தப்பட்டது. 1961இல் ஆய்வுப் படகொன்று ஒரு மணிநேரம் மடி இழுத்தால் ஏறத்தாழ 300 கிலோ மீன் கிடைத்தது. 1970களின் தொடக்கத்தில் அது ஏறத்தாழ 60 கிலோவாக வீழ்ந்தது. அந்தப் பத்தாண்டில் தாய்லாந்தின் மொத்த மீன் உற்பத்தியோ பன்மடங்கு உயர்ந்துகொண்டிருந்தது! அமைச்சின் அறிக்கையைப் பார்த்தவனுக்கு அது வளர்ச்சி. மடியை இழுத்தவனுக்குத் தேய்வு. திருக்கையும் சுறாவும் முதலில் அருகின. பெரிய மீன்கள் போன இடத்தைக் கணவாயும் குறுமீனும் நிரப்பின. மனிதர் உண்ண முடியாத குஞ்சும் குப்பையும் வாத்துக்குத் தீனியாகவும் பின்னர் மீன்தூளாகவும் போயின. தாய்லாந்துக் குடாவும் ஆழங் குறைந்த கடல்; சேற்றுத்தரை; வெப்பநீர். பாக்குநீரிணையோ அதனினும் ஆழங் குறைந்தது, பெரும்பகுதி பத்து மீற்றரளவே.

ஆயினும் உவமையைக்கொண்டு தீர்ப்பு எழுதலாகாது. நமது கடலை நாமே அளத்தல் வேண்டும். அங்கேதான் சிக்கல் தொடங்குகின்றது.

காட்டில் மரத்தை எண்ணலாம். வயலிற் கதிரை எண்ணலாம். மீனை எங்ஙனம் எண்ணுவது? கடல்வளம் வற்றாதது என்ற நம்பிக்கை நெடுங்காலம் அறிஞரிடத்தும் இருந்தது. 1883இல் லண்டனில் நடந்த மீன்பிடிப் பொருட்காட்சியிலே தோமஸ் ஹக்ஸ்லி போன்ற பேரறிஞரே கடலின் பெரிய மீன்பிடிகள் பெரும்பாலும் வற்றாதவை என்று பேசினார். நீராவி இழுவைக்கப்பல்கள் வடகடலில் (ஐரோப்பாவின் வடகடலைச் சொல்கின்றேன்) பெருகியபின் அந்த நம்பிக்கை தளர்ந்தது. பின்னர் இருமுறை உலகயுத்தம் மூண்டு கப்பல்கள் துறைமுகங்களில் அடைபட்டன. யுத்தம் ஓய்ந்து மீண்டும் மடி போட்டபோது மீன் மிகுதியாகவும் பருமனாகவும் அகப்பட்டது. யுத்தத்துக்கு முன்னரே அங்கு அளந்து வைத்திருந்தார்கள். ஆகையால் ஓய்வு என்ன செய்தது என்பதை எண்களால் உணர்ந்தார்கள். மீனின் பிறப்பு, வளர்ச்சி, இயற்கைச் சாவு, வலையால் வரும் சாவு ஆகிய நான்கையும் ஒரு கணக்கிற் கட்டி, பெவர்ட்டன், ஹோல்ற் என்னும் இருவர் 1957இல் வெளியிட்ட பெருநூல் இத்துறைக்கு அடிப்படையாயிற்று.

அக்கணக்குக்கு மீனின் வயது தெரியவேண்டும். குளிர்நாட்டு மீனுக்கு அது எளிது. மாரியிலே வளர்ச்சி குன்றுவதால் செதிலிலும் செவிக்கல்லிலும் மரத்தின் வைரத்திற் காண்பது போன்ற ஆண்டு வளையம் விழுகின்றது. உருப்பெருக்குக் கண்ணாடியில் வைத்து எண்ணிவிடலாம். நமது நீரோ ஆண்டு முழுவதும் வெதுவெதுப்பானது. வளையம் தெளிவாக விழுவதில்லை. செவிக்கல்லில் நாள்தோறும் ஒரு நுண்வளையம் விழுவதைப் பனெல்லா என்பவர் 1971இல் கண்டறிந்தார். அருமையான கண்டுபிடிப்பே. எனினும் அதை எண்ணுவதற்கு நுண்கருவியும் பயிற்சியும் பொறுமையும் வேண்டும். மேலும் குளிர்நாட்டு வலையில் இரண்டு மூன்று இன மீன் வரும். நமது கரையிலே ஒரு மடியைக் கொட்டினால் சூடை, கும்பளா, காரல், ஒட்டி, விளை, பாரை, நண்டு, கணவாய் என்று பல்வேறு இனங்கள் புரளும். ஒன்று தையில் முட்டையிடும்; ஒன்று ஆண்டு முழுவதும் இடும். கரைவலை, களங்கட்டி, விடுவலை, தூண்டில், கூடு எனப் பிடிக்கும் வகையும் பல. கரைசேரும் துறையும் பல. ஐரோப்பியக் கணக்கை அப்படியே கொண்டுவந்து இங்கே போட்டால் பொருந்தாது.

இதற்கு வழி தேடியவர்களுள் முதன்மையானவர் முற்சொன்ன தானியல் போலி. இந்தோனேசியாவில் ஜேர்மன் உதவித் திட்டமொன்றிலே இழுவை ஆய்வில் ஈடுபட்ட அனுபவம் அவருக்கு உண்டு. வெப்பநாட்டு மீனவத் துறையில் இல்லாதது என்ன என்று ஆராய்வதைக் காட்டிலும், இருப்பது என்ன என்று அவர் பார்த்தார். மீன் இருக்கின்றது, அதற்கு நீளம் இருக்கின்றது, அளக்க ஒரு பலகை இருந்தாற் போதும். நீளங்களிலிருந்து வயதை ஊகிக்கும் முறை புதிதன்று. டென்மார்க்கைச் சேர்ந்த பீற்றர்சன் 1890களிலேயே அதைக் கையாண்டார். போலியும் அவருடைய கூட்டாளிகளும் 1980ஐ ஒட்டிய ஆண்டுகளில், மணிலாவிலிருந்த ஆய்வு நிலையத்திலே, அம்முறையைச் சிறு கணிப்பொறியிலும் செய்யக்கூடியதாக வகுத்தனர். செல்வந்த நாட்டின் ஆய்வுக்கப்பல் இல்லாதவனுக்கும் விஞ்ஞானம் கைக்கெட்டியது அன்றுதான் என்பது எமது கருத்து.

அதன் செயல்முறையை மாணவர்க்காகச் சிறிது விரித்துரைக்கலாம். ஒரு துறையிலே மாதந்தோறும் ஒரே இன மீன் சில நூறு எடுத்து ஒவ்வொன்றின் நீளத்தையும் குறித்துவருகின்றோம். எந்த நீளத்தில் எத்தனை என்று வரைபடம் கீறினால் அது மலைத்தொடர் போல் மேடும் பள்ளமுமாகத் தோன்றும். ஒவ்வொரு மேடும் ஒரே பருவத்திற் பிறந்த கூட்டம். அடுத்த மாதம் அதே மேடு சிறிது வலப்புறம் நகர்ந்திருக்கும். அந்த நகர்வே வளர்ச்சி. வெப்பக் கடலின் பல மீன்களில் ஆண்டுக்கு இரு மேடுகள் தோன்றுவதும், அவை பருவக்காற்றுகளோடு தொடர்புறுவதும் உண்டு. வளர்ச்சி தெரிந்தபின் நீளத்தை வயதாக மாற்றலாம். பின்னர், வயது ஏற ஏற எண்ணிக்கை எவ்வளவு விரைவாகச் சரிகின்றது என்று பார்த்தால் அது மொத்தச் சாவின் வேகம். அதிலே இயற்கைச் சாவு எவ்வளவு, வலைச் சாவு எவ்வளவு? 1980இல் போலி 175 மீன்கூட்டங்களின் விவரங்களை ஒப்பிட்டு, மீனின் பருமன், வளரும் வேகம், நீரின் வெப்பம் ஆகியவற்றிலிருந்து இயற்கைச் சாவை மதிப்பிட ஒரு வாய்பாடு தந்தார். அதைக் கழித்தால் எஞ்சுவது வலைச் சாவு.

உதாரணத்துக்காக எண்களை வைத்துப் பார்ப்போம். ஒரு சிறுமீனின் மொத்தச் சாவு வேகம் ஆண்டுக்கு 3 என்றும், இயற்கைச் சாவு 1.2 என்றும் கொள்வோம். வலைச் சாவு 1.8. மொத்தத்தில் அது ஐந்தில் மூன்று, அதாவது 0.6. இப்பங்கு 0.5ஐ மிஞ்சினால் அளவுக்கு மேல் பிடிக்கின்றோம் என்பது நெடுங்காலமாக வழங்கும் கைவிதி. சூடை போன்ற சிறுமீன்களுக்கு அதுவும் அதிகம், 0.4 அளவில் நிற்பதே நன்று என்று பின்வந்தோர் திருத்தியிருக்கின்றனர்.

இவ்வளவும் கேட்டபின், கணக்குத் தீர்ந்தது என்று எண்ணிவிடலாகாது. இம்முறையில் ஏமாறும் இடங்கள் பல. தங்கூசி வலையிற் சிக்கிய மீனை மட்டும் அளந்தால், நாம் அளப்பது கடலையன்று, வலைக்கண்ணை. வலைக்கண்ணுக்குச் சிறியது நழுவிப்போகும். பெரியது முட்டித் திரும்பும். வளர்ந்த மீன் ஆழத்துக்குப் போய்விடும் இனமாயின், கரையில் அது வராதிருப்பதைச் சாவு என்று கணக்கெழுதிவிடுவோம். இயற்கைச் சாவின் வாய்பாடும் பல இனங்களின் சராசரியேயன்றி ஓர் இனத்தின் உண்மையன்று. ஆகவே தசமதானத்துக்குப் பின் இரண்டு இலக்கம் எழுதி முடிவு கூறும் அறிக்கைகளை நாம் சற்று எட்ட நின்றே பார்ப்பது நல்லது. இத்தடுமாற்றங்களை உணர்ந்த றயினர் புறோசே என்ற ஜேர்மன் அறிஞர் 2004இல் மூன்று எளிய கேள்விகளை முன்வைத்தார். பிடிபட்ட மீனில் எத்தனை பங்கு ஒருமுறையேனும் முட்டையிட்டிருக்கக்கூடிய பருவத்தை அடைந்தது? எத்தனை பங்கு, பிடிப்பதற்கு மிக ஏற்ற பருமனில் உள்ளது? எத்தனை பங்கு முதிர்ந்த தாய்மீன்? மூன்றாவதை நமது சந்தை மறந்தே விட்டது. பெரிய தாய்மீன் ஒன்று இடும் முட்டை, அதே எடையுள்ள பல சிறு தாய்மீன்கள் இடுவதிலும் மிகுதி. கலவாயின் பருமனைப் பார்த்து மகிழ்ந்து விலை கூறுகின்றவன், ஒரு தலைமுறையையே கூறி விற்கின்றான்.

இனி நமது கடலுக்கு வருவோம். இக்கடலை அளக்கும் முயற்சி நேற்றுத் தோன்றியதன்று. 1902இல் ஹேட்மன் என்ற பேராசிரியர் மன்னார்க் குடாவின் முத்துச்சிப்பிப் படுக்கைகளை ஆராய வந்தார். 1920களின் தொடக்கத்திலே ‘லில்லா’ என்னும் இழுவைக்கப்பல் இலங்கையைச் சூழ்ந்த கடலடித்தளமேடைகளைத் துருவிப் பார்த்தது. மல்பஸ் என்பவர் 1926இல் அதன் முடிவுகளை எழுதினார். பேதுரு, வாட்ஜ் என்ற பெயர்கள் நமது பூமிசாத்திரப் பாடத்தில் இடம்பெற்றதற்கு இவ்வாய்வுகளும் காரணம். வாட்ஜ் மேடை 1976ஆம் ஆண்டு உடன்படிக்கையோடு இந்தியாவின் பக்கம் போயிற்று. பின்னர் 1978 முதல் 1980 வரை ‘பிரிஜோவ் நன்சன்’ என்ற நோர்வே ஆய்வுக்கப்பல் இலங்கைக் கரையை மும்முறை சுற்றியது. ஒலியைக் கடலுக்குள் அனுப்பி, மீன்திரளிற் பட்டுத் திரும்பும் எதிரொலியைக்கொண்டு அது மீனை மதிப்பிட்டது. அவ்வாய்வை அடியொற்றியே, கரையோரக் கடலில் ஆண்டுக்கு 2,50,000 தொன் பிடிக்கலாம் என்ற எண் பிறந்தது. மேனீர் மீன் 1,70,000, அடித்தள மீன் 80,000 என்பது அதன் பிரிவு. அந்த எண் பல பத்தாண்டுகளாகத் திட்ட அறிக்கைக்குத் திட்ட அறிக்கை சுமந்து செல்லப்பட்டது. அப்பெயரே தாங்கிய புதிய கப்பல் மீண்டும் வந்து அளந்தது 2018இலே.

இவ்வாய்வுகளிற் பாக்குநீரிணை எங்கே? அவ்வளவு பெரிய கப்பல் பத்து மீற்றர் நீரில் ஓடாது. ஆதலால் மிகுதியான சண்டை நிகழும் கடலே அளவையிலிருந்து விடுபட்டுப்போயிற்று. நாட்டுக்கு ஒரு மொத்த எண் உண்டு. யாழ்ப்பாணக் கடனீரேரிக்கும் பாக்குநீரிணைக்கும் அதில் உரிய பங்கு எது என்று பிரித்துக்காட்டுவார் இல்லை.

யுத்தகாலத்தில் வடகடல் ஓய்ந்திருந்தது, மீன் பெருகியிருக்கும் என்று சிலர் ஐரோப்பிய உதாரணத்தைக் காட்டிச் சொல்வதுண்டு. 1983க்கு முன் நாட்டின் கடல்மீனில் ஐந்தில் ஒரு பங்குக்குக் குறையாமற் கொடுத்த யாழ்ப்பாணத்தின் வள்ளங்கள், பாதுகாப்பு வலயமும் நேரத்தடையும் எரிபொருட்தடையுமாகப் பல்லாண்டு கரையிற் கிடந்தன என்பது மெய். ஆனால் கடல் ஓயவில்லை. நம்மவர் போகாத நீருக்குத் தமிழ்நாட்டின் இழுவைப்படகுகள் வந்தன. 1960களிலிருந்து இறாலுக்குக் கிடைத்த ஏற்றுமதி விலையால் பெருகிய படகுகள் அவை. தமது பக்கத்துத் தரையை உழுது முடித்து இப்பக்கம் திரும்பின. ஓய்வா உழைப்பா, எது எவ்வளவு என்று காட்ட முன்னளவும் இல்லை, பின்னளவும் இல்லை. ஐரோப்பியருக்கு யுத்தம் ஒரு பரிசோதனையாயிற்று. நமக்கு அது இழப்பாக மட்டும் முடிந்தது.

இழுவைமடி என்ன செய்கின்றது என்பதை நமது வாசகர்க்கு விரிவாகச் சொல்ல வேண்டியதில்லை. கனத்த கயிறும் பலகையும் கடலடியை வருடிச் செல்ல, சாதாழையும் சிப்பியும் குஞ்சும் ஒருங்கே மடிக்குள் வருகின்றன. வாரத்தில் மூன்று நாள் மட்டுமே இழுவைப்படகு கடலுக்குப் போகலாம், எஞ்சிய நாள் நாட்டுப்படகுக்கு என்பது தமிழ்நாட்டுக் கரையிலே உள்ள ஏற்பாடு. அது அங்குள்ள சிறு மீனவனைக் காப்பதற்காக எழுந்தது. கரையிலிருந்து மூன்று கடல்மைலுக்குள் இழுக்கலாகாது என்ற விதியும் அத்தகையதே. அவற்றின் பலன் நமது பக்கத்திலே தலைகீழாயிற்று. அந்த மூன்று இரவுகளிலும் நமது மீனவன் வலை விடாமல் வீட்டில் இருக்கின்றான். விட்டால் காலையில் வலை இராது. தமிழ்நாட்டுச் சிறு மீனவனும் நமது மீனவனும் ஒரே மடியால் அடிபட்டவர்கள். இதை இருமொழி வேறுபாடுமில்லாத இரு கரையாரும் தங்களுக்குள் பேசிக்கொண்ட கூட்டங்கள் நடந்திருக்கின்றன. பேச்சுவார்த்தை 2016இல் இரு அரசாங்கங்களின் மட்டத்துக்கும் ஏறியது. இழுவைப்படகுகளை ஆழ்கடற் சூரைத் தொழிலுக்கு மாற்றும் இந்தியத் திட்டம் 2017இல் வந்தது. 2,000 படகுகளை மாற்றுவோம் என்றார்கள். மாறியவை மிகச் சில. ஆண்டுதோறும் சித்திரை நடுப்பகுதி முதல் ஆனி நடுப்பகுதி வரை அங்கே இயந்திரப் படகுகளுக்கு இருக்கும் தடை மட்டும் 45 நாளிலிருந்து 61 நாளாக அதே ஆண்டில் நீண்டது.

நமது பாராளுமன்றம் 2017இல் இழுவைமடியை முற்றாகத் தடைசெய்தது. தனியார் பிரேரணையாகத் தொடங்கிச் சட்டமான அருமையான முயற்சி அது. ஆனால் நம்முடைய கரையிலும் குருநகர், பேசாலை முதலிய இடங்களில் இழுவைப்படகுகள் இருந்தன. தங்கூசி வலையும், வெளிச்சம் பாய்ச்சிப் பிடித்தலும், வெடியும் வெளியூரார் கொண்டுவந்து திணித்தவை அல்ல. அயலான் படகைச் சுட்டிய விரலை நமது களங்கட்டியின் சிறுகண் வலைமீதும் ஒருமுறை திருப்ப வேண்டியிருக்கின்றது. இதைச் சொன்னால் அயலானுக்கு வாதம் எடுத்துக்கொடுக்கின்றாய் என்று சினப்பவர் உண்டு. அளவு கையில் இருந்தால் அந்தப் பயம் தேவையில்லை. இழுவையினாற் குறைந்தது எது, சிறுகண் வலையினாற் குறைந்தது எது என்பதை நீளக்கணக்கு ஓரளவு பிரித்துக்காட்டும். காரலும் இறாலும் திருக்கையும் அடித்தளத்தவை. அவை தேய்ந்து மேனீர்ச் சூடை நிலைத்திருந்தால் குற்றம் ஒருபுறம் சாயும். கடனீரேரிக்குள்ளே ஒட்டியும் திரளியும் பருவமடையுமுன் பிடிபட்டால், இழுவைப்படகு அங்கே வரவே முடியாதாகையால், குற்றம் மறுபுறம் சாயும்.

எண்ணில்லாத இடத்தில் யார் உரத்துப் பேசுகின்றாரோ அவர் சொல்வதே கணக்காகின்றது. பேச்சுவார்த்தை மேசையிலே தமிழ்நாட்டுப் பக்கத்துக்கு 1947இல் தொடங்கி மண்டபத்தில் வேரூன்றிய கடல்மீன் ஆராய்ச்சி நிலையத்தின் நீண்ட பதிவுகள் துணைநிற்கின்றன. நமது தேசிய நீரியல்வள ஆராய்ச்சி நிறுவனம் 1981இல்தான் பிறந்தது. அதன் வாலிபப் பருவம் முழுவதும் வடக்குக்கு வரமுடியாத காலமாயிற்று. விடுபட்ட ஆண்டுகளை இனி எவராலும் அளக்க முடியாது.

எஞ்சியதை அளக்கப் பெருங்கப்பல் வேண்டியதில்லை. பருத்தித்துறை, மயிலிட்டி, குருநகர், பேசாலை, முல்லைத்தீவு என ஐந்து துறை, துறைக்கு இருவர், ஒரு மீற்றர் நீளமுள்ள அளவுபலகை, ஒரு தராசு, ஒரு கொப்பி. சூடை, கும்பளா, காரல், விளை, ஒட்டி ஆகிய ஐந்தும் தொடக்கத்துக்குப் போதும். ஒவ்வொரு மாதமும் ஒரே வகை வலையிலிருந்து எடுக்கவேண்டும். வலைக்கண்ணின் அங்குலத்தையும் வள்ளம் கடலில் நின்ற மணிநேரத்தையும் மறவாது எழுதவேண்டும். இவை இல்லாத நீளம் பயனற்றது. சில மீன்களை வயிறு கீறி, முட்டை முதிர்ந்ததா என்று பார்த்துக் குறிக்கவேண்டும். வாடையில் ஒரு பருவமும் சோளகத்தில் ஒரு பருவமுமாக ஈராண்டு விடாமல் நடந்தால் முதல் வரைபடம் கீறிவிடலாம். பல்கலைக்கழகத்து மீன்பிடியியல் மாணவர் ஆய்வுக்கட்டுரைக்காக ஆறு மாதம் அளந்துவிட்டுப் பட்டம் பெற்றுப் போய்விடுகின்றனர். அடுத்தவர் வேறு மீனை, வேறு துறையில், வேறு வலையில் அளக்கின்றார். அக்கொப்பிகளை ஓரிடத்திற் சேர்த்து, அதே மீனை அதே துறையில் அடுத்தவர் தொடர்ந்து அளக்கும்படி ஏற்பாடு செய்வது ஒரு பீடத்தின் தீர்மானத்தோடு முடிகின்ற காரியம்.